இதய நோயாளிக்கு ஃப்ளூ ஊசி: ஆண்டுதோறும் போடுவதா, காய்ச்சல் வந்தபின் பார்த்துக்கொள்வதா?

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர்கள், பைபாஸ் ஆனவர்கள், வால்வு மாற்றியவர்கள், ‘பம்பிங் குறைவு’ (இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவு) என்று எக்கோ ரிப்போர்ட்டில் எழுதி வாங்கியவர்கள்: வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இப்படி ஒருவராவது இல்லாத தெரு குறைவு. ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ ஊசி போடச் சொல்லி மருத்துவர் சீட்டில் எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் விலை கேட்டதும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. “ஏற்கெனவே மாசம் மாத்திரைக்கே இவ்ளோ ஆகுது, இது வேறயா?” “போட்டா காய்ச்சல் வரும்னு சொல்றாங்களே?” “வந்தா அப்போ பாத்துக்கலாம்.” இந்த மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் உண்டு.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஊசி போடாமல் இருந்து, காய்ச்சல் வந்ததும் விரைவாக மருந்து எடுப்பது. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடுவது. அதோடு நிமோனியா ஊசியும் சேர்த்துப் போடுவது. நோயாளிக்குப் போடாமல், வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் போட்டு அவரைக் காப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மாரடைப்பையும் சாவையும் அந்த வழி எவ்வளவு குறைக்கிறது என்பது. சளி குறைகிறதா என்பது இரண்டாம் பட்சம். ஆரோக்கியமானவருக்கு ஃப்ளூ என்றால் ஒரு வாரப் படுக்கை. இதய நோயாளிக்கு அந்த ஒரு வாரம் வேறு மாதிரி முடியலாம். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் பத்து கூடும். நுரையீரலில் சளி கட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில் இதயத் தசை கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். கிருமியை எதிர்க்க உடலில் எழும் அழற்சி, ரத்தக்குழாயின் உள்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கத் தூண்டலாம். ரத்தம் உறையும் தன்மையும் அப்போது கூடுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்காக இருந்தது. “வந்தா பாத்துக்கலாம்” என்பதை இந்த ஏழு நாட்களுக்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தினமும் எடுக்கும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகிறதா. மூன்றாவது, செலவு. ஊசியின் விலையோடு கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் கூட்ட வேண்டும். நான்காவது, சென்னையின் காலக்கணக்கு. இதைப் பலரும் தவறவிடுகிறார்கள், அதனால் இதை மட்டும் முதலிலேயே விரித்துச் சொல்லிவிடலாம்.

வடஇந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் உச்சத்துக்குப் போகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபருக்குப் பிறகே உச்சம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தோளோடு தோள் உரசி நடக்கும் கூட்டமும், மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய ஷேர் ஆட்டோவும், கும்மிடிப்பூண்டி லைன் ரயில் நெரிசலும் அதே காலத்தில்தான். ஊசி போட்டு எதிர்ப்புச்சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதன் வலு ஆறு மாதத்துக்குள் படிப்படியாகக் குறையும். ஆக, இந்த ஊருக்குப் பொருத்தமான மாதங்கள் ஆகஸ்ட்டும் செப்டம்பரும். ஏப்ரலில் போட்டால் மழை தொடங்கும்போது பாதுகாப்பு தேய்ந்திருக்கும். மற்ற ஊர்களுக்காக எழுதிய ‘ஏப்ரல், மே’ அறிவுரையைப் படித்துவிட்டுப் போட்டவர்கள், அடுத்த தவணையை மெல்ல ஆகஸ்ட் பக்கம் நகர்த்திக்கொள்வது நல்லது.

## வழி 1: ஊசி வேண்டாம், வந்ததும் மருந்து

இதில் முன்கூட்டிய செலவு ஒன்றும் இல்லை. ஃப்ளூவுக்கென்று மருந்தும் உண்டு: ஓசெல்டாமிவிர். பெரியவர்களுக்கு 75 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். பத்து மாத்திரை சில நூறு ரூபாய்தான். மருத்துவர் சீட்டு வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதனால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் இந்த மருந்தின் பலன் முழுதாகக் கிடைக்கும். நடைமுறையில் முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் பாராசிட்டமால், மூன்றாம் நாள் தெருமுனை கிளினிக், நான்காம் நாள் ‘வைரல் ஃபீவர்’ என்று ஆன்டிபயாடிக். ஃப்ளூவா என்ற சந்தேகம் எழும்போது 48 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே வருவதால் குழப்பம் இன்னும் கூடும். உறுதிசெய்யும் பரிசோதனையைத் தனியார் லேபில் எடுத்தால் ஊசியின் விலையைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்த வழியின் பெரிய மறைமுக விலை, காய்ச்சலுக்கென்று கைக்கு வரும் மற்ற மருந்துகள். இதில் தவறு நடக்கும் இடங்கள் பல:

மூக்கடைப்புக்குக் கொடுக்கும் ‘கோல்டு’ மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அட்டையின் பின்புறம் அந்தப் பெயர் இருந்தால் இதய நோயாளிக்கு வேண்டாம்.

உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். பம்பிங் குறைந்தவருக்கு இரண்டு மூன்று நாளிலேயே கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கலாம். மாரடைப்பு வாய்ப்பையும் இவை கூட்டுகின்றன. ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் சேரும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

“ஒரு ஊசி போடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்று கேட்டு வாங்கும் ஊசியில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், நீரைத் தேக்கும்.

வால்வு மாற்றி, ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சலில் சாப்பாடு குறையும், அதோடு அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) திடீரென்று ஏறிவிடலாம். பல நாள் தொடர்ந்து எடுக்கும் பாராசிட்டமால்கூட அதை ஏற்றும். காய்ச்சல் நேரத்தில் ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் மூன்று நான்கு நாளில் ஐஎன்ஆர் பார்த்துவிட வேண்டும்.

வாந்தியோ பேதியோ இருந்து தண்ணீர் இறங்காதபோது நீர் மாத்திரையையும், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசினையும் வழக்கம்போல் விழுங்கினால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. புதிதாக வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

இந்த வழி யாருக்குச் சரி? முன்பு ஃப்ளூ ஊசி போட்டபோது மூச்சுத் திணறல், முகவீக்கம் என்று கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கு. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே (நரம்புகள் தாக்கப்பட்டு கை கால் பலவீனமாகும்) நோய் வந்தவர்கள், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மீண்டும் போடக் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு இதுவே வழி, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்: வீட்டில் தெர்மாமீட்டரும் ஆக்சிமீட்டரும், காய்ச்சல் வந்த முதல் நாளே மருத்துவர், அன்றே ஓசெல்டாமிவிர் பற்றிய கேள்வி. மற்றவர்களுக்கு இதை இரண்டாவது அரணாகவே சொல்வேன். ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம், அப்போது இதே ஒழுங்கு உதவும்.

## வழி 2: ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி

இதற்கு இருக்கும் ஆதாரம் மற்ற மூன்றையும்விடக் கனமானது. மாரடைப்பு வந்து சேர்ந்தவர்களையே பெரும்பான்மையாகக் கொண்டு எட்டு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம் பக்கத்து வங்கதேசமும் அதில் இருந்தது. மருத்துவமனையில் சேர்ந்த அல்லது ஸ்டென்ட் வைத்த 72 மணி நேரத்துக்குள், சுமார் 2,500 பேரில் பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். 2021-இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம், போடாதவர்களில் 4.9 சதவீதம். நூறு பேருக்குப் போட்டால் ஏறத்தாழ இரண்டு உயிர் மிஞ்சுகிறது. அதுவும் வழக்கமான இதய மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களிடையே கூடுதலாகக் கிடைத்த பலன். கோவிட் வந்ததால் அந்த ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கைக்கு முன்பே நின்றது, ஆகவே இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவு.

பம்பிங் குறைந்தவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. இந்தியா உள்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பத்தில் 5,129 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வந்த ஆய்வில், இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு முழுக்க எண்ணியபோது வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் நிமோனியா 42 சதவீதமும், எந்தக் காரணத்துக்காகவும் மருத்துவமனையில் சேர்வது 16 சதவீதமும் குறைந்தன. ஃப்ளூ உச்சத்தில் இருந்த மாதங்களை மட்டும் எண்ணினால் இதயப் பாதிப்புகளும் குறைவு. இவர்களுக்கு ஊசி எல்லாவற்றையும் தடுக்காது, மருத்துவமனைப் படுக்கையைத் தள்ளிப்போடும். ஒருமுறை சேர்ந்து வந்தாலே மாதச் சம்பளம் கரையும் வீட்டுக்கு அதுவே பெரிது.

ஊசி ஃப்ளூவையே முழுதாகத் தடுக்குமா? அந்த ஆண்டின் கிருமியோடு பொருந்தினால் மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். பொருந்தாத ஆண்டில் இன்னும் குறைவு. கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதாலும் எதிர்ப்புச்சக்தி தேய்வதாலும்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

“போட்டா காய்ச்சல் வரும்” என்பதில் பாதி உண்மை. தோளில் வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், உடம்பு அசதி வரும். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமியின் துணுக்கு, அதனால் ஃப்ளூ வர முடியாது. மழை தொடங்கியபின் போடுகிறவர்களுக்கு, எதிர்ப்புச்சக்தி உருவாகும் இரண்டு வாரத்துக்குள் வேறு சளிக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டால் பழி ஊசிமேல் விழுகிறது. கில்லன் பாரே பற்றிய பயத்துக்கு அளவு சொல்ல வேண்டும்: பத்து லட்சம் ஊசிக்குக் கூடுதலாக ஒன்று அல்லது இரண்டு பேர். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம், போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவு: மருந்துக் கடையில் ஒரு டோஸ் சுமார் 1,500-லிருந்து 2,500 ரூபாய்க்குள், பிராண்டைப் பொறுத்து. போடும் கட்டணம் தனி. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி இல்லை, அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தானாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தொடர்ந்து பார்ப்பவர்கள் இதயப் பிரிவு ஓ.பி.யில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு வெளியே வாங்கலாம். ரயில்வே, துறைமுகம், ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் கையிலிருந்து போடுமுன் தங்கள் மருத்துவமனையில் கேட்க வேண்டும்.

### ஊசி வாங்குவதும் போடுவதும்

மருந்து நல்லதாக இருந்தும் பலன் வீணாகும் இடம் இது.

இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் பயனில்லை, பிறகு உருகினாலும் பயனில்லை. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கும் கடையில், தடுப்பூசிக்கென்று தனி ஃப்ரிட்ஜும் வெப்பமானியும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கடையில் வாங்கி கிளினிக்குக்கு எடுத்துப்போவதாக இருந்தால், ஐஸ் பேக்கோடு தெர்மோகோல் டப்பா கேளுங்கள். ஊசிப் பெட்டி ஐஸில் நேராகப் படக் கூடாது, நடுவில் துணியோ அட்டையோ வேண்டும். நேராகக் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறையவிட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. கிளினிக்கிலேயே ஸ்டாக் இருந்தால் அதுவே சிறந்தது.

பெட்டியில் ‘நார்தர்ன் ஹெமிஸ்ஃபியர்’ அல்லது ‘சதர்ன் ஹெமிஸ்ஃபியர்’ என்று ஆண்டோடு அச்சிட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைக் கிருமிகளைச் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. நீங்கள் வாங்கும் நாளில் கிடைப்பவற்றில் புதியது எதுவோ அதை வாங்குங்கள். போன ஆண்டு ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம். புதியது வரட்டும் என்று நவம்பர் வரை காத்திருப்பதும் தவறு. மூன்று வகைக் கிருமிக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்ற கேள்விக்கு நேரம் செலவிட வேண்டாம். நான்காவதாகச் சேர்த்த பி-யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. எது கிடைக்கிறதோ அது போதும். கூடுதல் வீரியமுள்ள டோஸ் தேடி அலையவும் வேண்டாம். இதய நோயாளிகள் 5,260 பேரிடம் சாதாரண டோஸோடு ஒப்பிட்டதில், சாவிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வித்தியாசம் கிடைக்கவில்லை.

“ஃப்ளூ ஊசி போடுங்க” என்று கேட்டு, சளிக்கான வேறு ஏதோ ஊசியைப் போட்டுக்கொண்டு வருவதும் நடக்கிறது. பிரிக்காத பெட்டியைக் கண்ணால் பாருங்கள், காலாவதித் தேதியைப் படியுங்கள். அளவு 0.5 மி.லி., மேல்கைத் தசையில். இடுப்பில் போட வேண்டாம். அங்கே கொழுப்பில் தங்கிவிட்டால் பலன் குறையும். அண்மையில் பேஸ்மேக்கர் வைத்த பக்கக் கையையும், டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையையும் தவிர்த்து மற்றக் கையைக் காட்டுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், டிகாக்ரிலார் எதையும் நிறுத்தத் தேவையில்லை. அசிட்ரோம், வார்ஃபரின் எடுப்பவர் அண்மை ஐஎன்ஆர் அளவுக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு போடலாம். மெல்லிய ஊசி, 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லியது. போட்டதும் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உள்ளே ரத்தம் கட்டும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஊசியின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டுக்கான நினைவூட்டலும் அதுவே.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை இதய நோயாளிக்கு வேண்டாம். அதில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருக்கிறது. வலிக்காது என்று குழந்தைக்குக் கேட்பார்கள். இதயக் கோளாறுக்காக ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு அது கூடவே கூடாது.

## வழி 3: ஃப்ளூவோடு நிமோனியா ஊசியும்

ஃப்ளூ வந்து நான்கைந்து நாளில் காய்ச்சல் தணிந்து, மறுபடி ஏறி, நெஞ்சுச் சளி பிடித்தால் அது பெரும்பாலும் பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியா. நியூமோகாக்கஸ் அதில் முக்கியமானது. அதற்கான ஊசி ஆண்டுதோறும் தேவையில்லை. 20 வகைகளுக்கான புதிய ஊசி என்றால் ஒன்றே போதும். 13 வகை ஊசி போட்டால், வழக்கமாக ஓராண்டு கழித்து 23 வகை ஊசி. ஃப்ளூ ஊசியோடு ஒரே நாளில், மற்றக் கையில் போடலாம்.

ஃப்ளூ ஊசியைவிட விலை கூடுதல், ஆனால் பல ஆண்டுகளில் பங்கிட்டால் சுமை குறைவு. 65 வயதைத் தாண்டிய இதய நோயாளி, பம்பிங் குறைந்தவர், கூடவே சர்க்கரையோ ஆஸ்துமாவோ பீடிப் பழக்கத்தால் கெட்ட நுரையீரலோ உள்ளவர், மணலி, எண்ணூர் பக்கம் புகையிலும் தூசியிலும் இருப்பவர்: இவர்களுக்குச் சேர்த்துப் போடுவது நல்லது. இரண்டுக்கும் ஒரே மாதத்தில் பணம் புரளாவிட்டால் ஃப்ளூ ஊசி முதலில், மற்றது பொங்கலுக்குப் பிறகு. பணம் இருக்கிற மாதத்தில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுப்பதா, நிமோனியா ஊசி போடுவதா என்றால், ஏற்கெனவே இதய மருத்துவரிடம் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஊசியே மேல்.

## வழி 4: வீட்டில் மற்றவர்களுக்குப் போட்டு நோயாளியைக் காப்பது

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் ஹவுசிங் போர்டு வீட்டில் ‘நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்’ என்பது வெறும் வாக்கியம். ஃப்ளூவை வீட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளை. அதனால் பிள்ளைக்குப் போடுவது நோயாளியையும் ஓரளவு காக்கும். ஆனால் நான்கு பேருக்குப் போட்டால் செலவு நான்கு மடங்கு, நோயாளியோ பேருந்திலும் காசிமேடு மீன் மார்க்கெட்டிலும் ஓ.பி. வரிசையிலும் கிருமியைத் தானே வாங்கி வரலாம். நோயாளிக்குப் போட முடியாத நிலையில் மட்டும் இதை முதல் வழியாக எடுக்கலாம். மற்றபடி வரிசை: நோயாளி, பிறகு பணம் இருந்தால் பிள்ளை. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செலவில்லாத பகுதி எல்லோருக்கும்: வீட்டில் யாருக்குக் காய்ச்சலோ அவர் முகக்கவசம் போடுவது, எதிரெதிர் ஜன்னலையும் கதவையும் திறந்து காற்று ஓடவிடுவது, படுக்கும்போது நோயாளி ஜன்னல் பக்கம், காய்ச்சல்காரர் எதிர்மூலையில், தலைமாடு மாற்றி. ஆலை வாடைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் வீடுகளில், வாடை இல்லாத நேரம் பார்த்தாவது திறக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | தோராயச் செலவு | மறைந்திருப்பது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| வந்தபின் மருந்து | சில நூறு ரூபாய் | 48 மணி நேரக் கெடு, பரிசோதனைச் செலவு, தவறான மாத்திரைகள் | ஊசி ஒவ்வாதவர்கள் |
| ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி | 1,500–2,500 ரூபாய் + கட்டணம் | குளிர்ப் பராமரிப்பு, தவறான மாதம் | ஏறத்தாழ எல்லா இதய நோயாளிகளும் |
| நிமோனியா ஊசியும் | ஃப்ளூ ஊசியைவிடக் கூடுதல், ஆண்டுதோறும் இல்லை | சில வகைக்கு இரண்டாவது தவணை | 65-ஐக் கடந்தவர், பம்பிங் குறைந்தவர், நுரையீரல் கெட்டவர் |
| வீட்டாருக்கு ஊசி | தலைக்கு ஒன்று | நோயாளிக்கு வெளியில் தொற்றலாம் | நோயாளிக்குப் போட முடியாத வீடு |

## சில குறிப்பான நிலைமைகள்

மாரடைப்பு வந்து இப்போதுதான் சேர்ந்தவர். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேளுங்கள். அந்தப் பெரிய ஆய்வில் போட்டதே முதல் 72 மணி நேரத்துக்குள்தான். ‘கொஞ்சம் தேறட்டும்’ என்று மாதக்கணக்கில் தள்ளத் தேவையில்லை. பைபாஸ் ஆனவர்கள் மட்டும் அறுவை செய்த மருத்துவர் சொல்லும் நாளில்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு மூன்று வாரத்துக்கொரு முறை பென்சிலின் ஊசி போடுபவர். இரண்டும் வேறு வேறு வேலை. ஃப்ளூ ஊசி போட்டாயிற்று என்று பென்சிலினை ஒரு தவணைகூடத் தவறவிடக் கூடாது.

தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தை. ஃப்ளூ வந்த நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே இருந்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி அரிதாக வரலாம். இந்தக் குழந்தைகளுக்கு ஆண்டு ஊசியை விடவே கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றே குழந்தையின் இதய மருத்துவரை அழையுங்கள்.

இன்றைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. லேசான ஜலதோஷம் தடையில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் தணிந்தபின் போடலாம்.

கையில் பணம் மிகவும் இறுக்கம். ஊசிக்காக மாத மாத்திரையை அரையாக்காதீர்கள். ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பிரஷர் மாத்திரை முதலில். அவற்றை அரசு மருத்துவமனையிலோ மக்களைத் தேடி மருத்துவம் வழியாகவோ வாங்க முடிந்தால், மிச்சமாகும் தொகையை மாதம் 200 ரூபாயாக எடுத்துவைத்தால் ஓராண்டில் 2,400. ஆகஸ்ட் ஊசிக்கு அது பெரும்பாலும் போதும்.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்துவிட்டது. பம்பிங் குறைந்தவர் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் ‘உடம்புவலி’ என்று படுக்காமல் 108-ஐ அழைத்து ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய இடத்துக்குப் போங்கள். ஃப்ளூ நேரத்து மாரடைப்பு காய்ச்சலுக்குள் ஒளிந்துகொள்கிறது. வீட்டார் தவறவிடுவது இதைத்தான்.

மழை தொடங்கியபின்தான் ஞாபகம் வந்தது. நவம்பரானாலும் டிசம்பரானாலும் போடலாம். சென்னையில் மழை நின்ற பிறகும் ஃப்ளூ சுற்றும். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் மாநிலமெங்கும் ஆயிரம் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டியிருந்தது. போட்ட நாளிலிருந்து முதல் இரண்டு வாரம் பாதுகாப்பு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொண்டு, நெரிசலில் முகக்கவசத்தோடு இருங்கள். அடுத்த தவணையை ஆகஸ்ட்டுக்குக் குறித்துவையுங்கள்.